வால் சக்கர விமானத்துல லேண்டிங் கியர் ஏன் உடையுது?

பைப்பர் கப், செஸ்னா 170 மாதிரி குட்டி விமானங்கள்ல முன்னாடி ரெண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில ஒரு சின்ன சக்கரம், இதத்தான் வால் சக்கர விமானம்னு சொல்றோம். லேண்டிங் கியர்னா சக்கரமும் அதத் தாங்கற காலும், அது ஃபெயிலியர் ஆகறதுன்னா இங்க அந்த முன் சக்கரத்தோட கால் மடங்கிப் போறது.

முக்கியமான காரணம் எடை எங்க இருக்குங்கறதுதான். விமானத்தோட எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னாடி இருக்கு, அதனால தரையில ஓடும்போது பக்கவாட்டுக் காத்து லேசா வால தள்ளினாலும் பின்னாடி இருக்கற எடை அந்தத் திருப்பத்த இன்னும் பெருசாக்கிடும், பைலட் உடனே ரடர் பெடல்ல (விமானத்த இடது வலதா திருப்பற கால் மிதி) சரி பண்ணலன்னா விமானம் அப்படியே சுழண்டுடும், இதுக்கு கிரவுண்ட் லூப்னு பேரு. சூப்பர்மார்க்கெட் டிராலிய பின்பக்கம் முன்னாடி வர்ற மாதிரி திருப்பி வேகமா தள்ளிவிட்டுப் பாருங்க, நேரா போகாம சுத்திக்கும், அதே கதைதான்.

சுத்தும்போது வெளிப்பக்கக் கால் மேல பக்கவாட்டுல பயங்கர அழுத்தம் விழும். அந்தக் கால் மேலேருந்து வர்ற இடிய நல்லா தாங்கும், பக்கவாட்டு இழுப்ப அந்த அளவுக்கு தாங்காது. கால் மடங்கினா இறக்கை நுனி தரையில உரசும், புரொப்பல்லர் இடிக்கும், இடிச்சா இன்ஜினையே பிரிச்சுப் பாக்கணும், அதான் செலவு எகிறுது.

பைப்பர் கப் விமானத்துல ஷாக் அப்சார்பரா இருக்கறது ரப்பர் கயிறு. அது பழசாகி அறுந்தாலும் கால் அகண்டு போயிடும், அதனால அத தவறாம செக் பண்றது ரொம்ப முக்கியம்.

நிறைய பேர் கியர் ஃபெயிலியர்னாலே சக்கரம் வெளிய வரலன்னு நினைக்கறாங்க, ஆனா பைப்பர் கப், செஸ்னா 170 மாதிரி விமானங்கள்ல சக்கரம் உள்ள மடங்கவே மடங்காது, எப்பவும் வெளியதான் நிக்கும்.