ஹோண்டா கோல்ட் விங் பைக்குக்கு 6 சிலிண்டர் எதற்கு? வெறும் வேகத்துக்காகவா?

வேகத்துக்காக இல்லை, அதிர்வு இல்லாமல் ஓடுவதற்காக. 1833 சிசி இன்ஜினில் சிலிண்டர்கள் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3 எனப் படுத்தபடி இருக்கும். எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருவதால், ஒன்றின் உதறலை மற்றொன்று அடக்கிவிடுகிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் 120 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு பவர் ஸ்ட்ரோக் (எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளும் உந்தல்) வரும். அதனால்தான் டாப் கியரில் மெதுவாகப் போகும்போதும் முனகாமல் இழுக்கிறது. நாள் முழுக்க ஓட்டினாலும் கை மரத்துப்போகாது. இன்னொரு லாபம், எடை முழுவதும் தாழ்வாக உட்காருகிறது. 350 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி, நகர ஆரம்பித்ததும் அந்தக் கனத்தைக் காட்டாது.

1975-ல் விற்பனைக்கு வந்த முதல் மாடலில் 4 சிலிண்டர்தான். ஆறாக்கியது 1988 மாடலில்.

என்னைக் கேட்டால், 2018-ல் வந்த முன்பக்க சஸ்பென்ஷன்தான் இதில் பெரிய வேலை. ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்களான வழக்கமான டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்குப் பதில், கார்களில் இருப்பதுபோல மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் டபுள் விஷ்போன். குழியில் இறங்கும் அடி ஹேண்டில்பாருக்கு அதிகம் வராது. சக்கரம் கிட்டத்தட்ட நேர் மேலும் கீழுமாக நகர்வதால், இன்ஜினையும் ஓட்டுபவரையும் முன்னால் நகர்த்த இடம் கிடைத்தது.

பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, சுழலும் தண்டு மூலம் இயக்கும் ஷாஃப்ட் டிரைவ். நெடும்பயணத்தில் செயினுக்கு எண்ணெய் போடும் வேலை மிச்சம். ரிவர்ஸ் வசதியும் உண்டு. சரிவில் மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டால் அதன் அருமை புரியும்.