பட்டினி கிடந்தால் கரு தங்குமா?

கேள்வி: எனக்கு வயது 31. ஒன்றரை ஆண்டாகக் குழந்தைக்காக முயன்று வருகிறோம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எடையைக் குறைத்தால் கரு தங்கும் என்றார்கள். அதனால் தானியம், பால், முட்டை, மீன், பழம், சோயா என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். இரவில் சாப்பிடுவதே இல்லை. சாதாரண உப்பை விட்டு இளஞ்சிவப்புப் பாறை உப்புக்கு மாறினேன். ஏழு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 58 கிலோவுக்கு வந்துவிட்டேன். முன்பு 45 நாளுக்கு ஒருமுறையாவது மாதவிடாய் வரும்; இப்போது நான்கு மாதமாக வரவே இல்லை. முடியும் கொட்டுகிறது. அதற்கு ஒரு விட்டமின் மாத்திரை, தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றையும் காலைக் காபியோடு விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். கணவர் தினமும் ஜிம்முக்குப் போகிறவர். கட்டான உடம்பு என்பதால் தனக்குப் பரிசோதனை தேவையில்லை என்கிறார். இன்னும் எதைத்தான் நிறுத்துவது, டாக்டர்? எனக்குத் தைராய்டு இருப்பதால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இனி எதையும் நிறுத்தாதீர்கள். எதைச் சாப்பிடலாம் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட நீங்கள் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது.

முதல் வேலையாக, வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருமுட்டை எப்போது வெளிவரும் என்று கணக்குப் போட முடியாது. நான்கு மாதம் தள்ளிப்போயிருக்கும்போது ‘இருக்காது’ என்று நீங்களாகவே முடிவு செய்யக்கூடாது. இல்லை என்று வந்தால், நீங்கள் சாப்பிடாமல் இருப்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பிசிஓஎஸ்ஸால் தள்ளிப்போய்க்கொண்டிருந்த மாதவிடாய், எடை இறங்கிய பிறகு சீராகியிருக்க வேண்டும். உங்களுக்கு அடியோடு நின்றிருக்கிறது.

மாதவிடாய்ச் சுழற்சியை நடத்துவது மூளை. ஹைபோதலாமஸ் என்ற சிறிய பகுதி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனைச் சிறு துடிப்பாக வெளியிடுகிறது. அந்தத் துடிப்பை வைத்துத்தான் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்குத் தன் ஹார்மோன்களை அனுப்புகிறது. கருமுட்டை முதிர்வதும் வெளிவருவதும் அதற்குப் பிறகுதான். உடலில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்ற செய்தியையும் மூளை இடைவிடாமல் பெற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஹார்மோன்களில் ஒன்று, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின். 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சாப்பாடு குறைந்து எடை வேகமாக இறங்கும்போது லெப்டின் சரிகிறது, துடிப்புகள் தளர்கின்றன, கருமுட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. 58 கிலோ நல்ல எடைதானே என்று நீங்கள் கேட்கலாம். எடை நல்ல அளவில் இருக்கும்போதே இப்படி நடக்கும். தினமும் உள்ளே வரும் சக்திக்கும் செலவாகும் சக்திக்கும் நடுவில் விழும் பள்ளம்தான் மூளைக்கு முக்கியம்.

இதை வரலாறும் காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி கடும் பஞ்சத்தில் சிக்கியது. ஒன்பது மாதம் கழித்து அங்கே பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன. பஞ்ச காலத்தில் தாயின் வயிற்றில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். நடுவயதில் அவர்களிடம் இரத்தச் சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இருந்தது. கருவான தொடக்க மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களுக்கு இதய நோயும் அதிகம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கருத்தரிக்கும் நேரத்துக்கு நன்றாகச் சாப்பிட்ட உடலோடு போய்ச் சேருங்கள் என்று சொல்லத்தான்.

எடையைக் குறைக்கச் சொன்ன அறிவுரை தவறானதல்ல. அளவு தாண்டிவிட்டது. பிசிஓஎஸ்ஸில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. அதை ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்கத் தூண்டி, கருமுட்டை முதிர்வதைத் தடுக்கிறது. கூடுதல் எடை உள்ளவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி திரும்பிவிடும். 71 கிலோவில் அது மூன்றரை முதல் ஏழு கிலோதான். நீங்கள் பதின்மூன்று கிலோ குறைத்திருக்கிறீர்கள். பிசிஓஎஸ்ஸுக்கென்று மற்றவற்றைவிடச் சிறந்த ஒரு தனி உணவு முறை இல்லை என்று 2023-இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது. தானியத்தை ஒழி, பாலை ஒழி, பழத்தைத் தொடாதே என்று யார் அடித்துச் சொன்னாலும் கேட்காதீர்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. குழந்தைக்காக ஏங்கும் பெண் எதைச் சொன்னாலும் செய்வாள் என்று தெரிந்துகொண்டுதான் இப்படிப்பட்ட பட்டியல்களைக் கையில் கொடுக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே தொடங்குங்கள். அடுத்து தானியம்; தவிடு நீக்காததாக இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். பிறகு முட்டை, பால், மீன், பழம் எல்லாம் வரட்டும். சாதாரண அளவில் சாப்பிடும் சோயாவுக்கும் நீங்கள் பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை போட்ட கையோடு மட்டும் சாப்பிடாதீர்கள். மீனில் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வகைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். தட்டில் பாதிக்குக் காய்கறி, மீதியில் புரதமும் தானியமும் என்று கண்ணால் அளந்தால் போதும், கலோரி எண்ண வேண்டாம். எடை ஓரிரு கிலோ ஏறினால் பதறாதீர்கள். மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

இப்போது அந்தக் காலை மாத்திரைகள். உங்கள் கடிதத்திலேயே மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய விஷயம் இதுதான். காபி தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்து அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியமும் அப்படித்தான். ஆகவே எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரையை மட்டும் போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ காலை உணவோ சாப்பிடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் மறக்காது.

முடிக்கான மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பயோட்டின் என்ற விட்டமின் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். இப்படிப்பட்ட மாத்திரைகளில் 5,000, 10,000 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால், சில ஆய்வக முறைகளில் தைராய்டு முடிவு பொய்யாக வரும். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும். அது பொய்யாகக் குறைவாகத் தெரிந்தால், டாக்டரும் மாத்திரையின் அளவைக் குறைத்துவிடக்கூடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் அந்த மாத்திரையே வேண்டாம். பட்டினியும் தைராய்டும் சரியானால் முடி கொட்டுவது பெரும்பாலும் தானாகக் குறையும்.

குழந்தையின் மூளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருவுக்கென்று தைராய்டு சுரப்பி உருவாகி, ஓரளவு வேலை செய்யத் தொடங்கவே 12 வாரம் ஆகிறது. முழுமையாகக் கைகொடுக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை மூளை வளரத் தேவையான தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். 1999-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தில் தைராய்டு குறைபாடு இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகளை ஏழு முதல் ஒன்பது வயதில் சோதித்தார்கள். மற்றக் குழந்தைகளைவிட அவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது. சிகிச்சை பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்கு நிகராகவே இருந்தார்கள். உங்கள் பயத்துக்கான பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. தைராய்டு இருக்கிறதே என்று கலங்காதீர்கள், கட்டுக்குள் வைத்துக்கொண்டு கருத்தரியுங்கள். உங்களைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி.எஸ்.ஹெச். 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையின் தேவை கால் பங்குக்கும் மேல் கூடும். அதனால் அன்றைக்கே அளவை எவ்வளவு கூட்டுவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருந்தால் கருவின் விலைமதிப்பில்லாத வாரங்கள் போய்விடும்.

தைராக்சினைச் செய்ய அயோடின் வேண்டும். நீங்கள் மாத்திரை சாப்பிட்டாலும், கருவின் சுரப்பி தனக்கான ஹார்மோனைச் செய்யத் தொடங்கும்போது அயோடினை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் 250 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் பட்டியலைப் பாருங்கள்: பால், முட்டை, மீன் மூன்றையும் நிறுத்தியிருக்கிறீர்கள். மிச்சம் இருந்த அயோடின் உப்பையும் பாறை உப்புக்காக விட்டுவிட்டீர்கள். அயோடின் சேர்க்காத பாறை உப்பில், அது என்ன நிறமாக இருந்தாலும், பெயரளவுக்குத்தான் அயோடின் இருக்கும். பழைய உப்புக்குத் திரும்புங்கள். கூடுதல் உப்பு வேண்டாம், வழக்கமாகப் போடும் உப்பே அயோடின் உப்பாக இருக்கட்டும். இதைப் படித்துவிட்டுக் கடற்பாசி மாத்திரை வாங்கப் போய்விடாதீர்கள். அதில் அயோடின் அளவு தாறுமாறாக இருக்கும். மிகுந்தாலும் தைராய்டு கெடும்.

ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சாப்பிடவில்லை என்றால் நாளைக்கே தொடங்குங்கள், தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கருவான 28 நாளுக்குள் மூடிவிடும்; சரியாக மூடாவிட்டால் அது பிறவிக் குறையாகிவிடும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களே அப்போதுதான் சந்தேகப்படத் தொடங்கியிருப்பார்கள். உங்களுக்கு அந்த அறிகுறியும் கிடையாது. முன்பு இக்குறை உள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. அதிக அளவு ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அதே குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. உங்களுக்குச் சர்க்கரை நோயோ, வலிப்புக்கான மாத்திரையோ, குடும்பத்தில் இக்குறையோ இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டித் தருவார்.

இனி உங்கள் கணவருக்கு. இந்தப் பகுதியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, கட்டான உடம்பை வைத்து விந்தணுவின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. தசை வளர்வதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ அதைச் சேர்ந்த மருந்தோ எடுத்துக்கொள்கிறீர்களா? வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், போதும் என்று நினைத்து மூளை விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். உடம்பு முறுக்கேறியிருக்கும், விந்தணு பூஜ்யத்துக்குக்கூட இறங்கியிருக்கும். நிறுத்திய பிறகு திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இப்படி எதுவும் எடுக்கவில்லை என்றால் மகிழ்ச்சி, ஆனாலும் பரிசோதனை செய்யுங்கள். உங்கள் மனைவிக்கு ஸ்கேன், இரத்தம் எடுப்பது என்று எத்தனையோ இருக்கிறது. உங்களுக்கு விந்துப் பரிசோதனை ஒன்றுதான், வலியும் கிடையாது. ஒரு மில்லி லிட்டரில் 16 மில்லியன் விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கீழ் எல்லை. ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், இன்று புகையையும் மதுவையும் விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். துத்தநாகம், ஃபோலிக் அமிலம் சேர்ந்த ‘ஆண்களுக்கான’ மாத்திரைகளைத் தேடிப் போக வேண்டாம். 2020-இல் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். விந்தின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை.

சகோதரி, ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டாலே இருவரும் டாக்டரைப் பார்க்கலாம். உங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது, மாதவிடாயும் நின்றிருக்கிறது. உணவைச் சரிசெய்துகொண்டே இந்த மாதமே போங்கள். டி.எஸ்.ஹெச்., புரோலாக்டின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், விட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உடல் தேறிய பிறகும் கருமுட்டை வெளிவரவில்லை என்றால் பிசிஓஎஸ்ஸுக்கு லெட்ரோசோல் என்ற மாத்திரை இருக்கிறது, முதலில் தருவது அதைத்தான். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கடந்த ஓராண்டின் மாதவிடாய்த் தேதிகளையும், எடை இறங்கிய கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் பெயரில் மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள், இருவர் பெயரிலும் செய்யுங்கள்.