ஐந்தாம் நாளில் தீரும் உப்பூரிகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நானும் நிலாவெளி நண்பர்கள் இருவரும் ஒரு கேம் செய்கிறோம். கொட்டியாற்றுக்குடா பக்கம் இருப்பதுபோல ஒரு கண்டல் களப்பு. அதில் பாசி மேயும் 'உப்பூரி' 300, அதைப் பிடிக்கும் 'வாள்வாயன்' 60. உப்பூரியின் செவுளில் ஒட்டும் 'நூலாளி' என்று ஓர் ஒட்டுண்ணியும் உண்டு. வாள்வாயன் நாளுக்கு ஓர் உப்பூரியைத் தின்னும். நூலாளி ஒட்டிய உப்பூரி இரண்டு நாளில் செத்துவிடும். எப்படி ஓடவிட்டாலும் ஐந்து நாளுக்குள் களப்பு வெறுமையாகிவிடுகிறது. எங்கே பிழை? இன்னொன்று: போக்கிமோன் கேமில் முருகைக்கல் போன்ற கோர்சோலாவைத் தின்னும், நட்சத்திரமீன் போன்ற மரீனி வேட்டையாடியா, ஒட்டுண்ணியா? எங்களுக்குள் இதில் பெரிய சண்டை.

ர., திருகோணமலை

அன்புள்ள ர.,

300-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்து. நிரலில் பிழையே இல்லை. நீங்கள் சொன்னதை அது அப்படியே செய்கிறது.

வாள்வாயன் எத்தனை என்று முதலில் முடிவெடுக்காதீர்கள். உப்பூரியின் பிறப்பிலிருந்து தொடங்குங்கள். 150 பெட்டைகள், 100 நாளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு குஞ்சு தப்பினால் 600. பாதியை நோய்க்கும் பசிக்கும் நூலாளிக்கும் விட்டால் வாள்வாயனுக்கு 300, அதாவது நாளுக்கு மூன்று. ஒரு வாள்வாயன் மூன்று நாளுக்கொரு தடவை தின்றால் அந்தக் களப்பு ஒன்பதைத்தான் தாங்கும். அறுபதைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் உப்பூரியை 2000 ஆக்குங்கள். தின்றதும் வாள்வாயனுக்குச் செரிக்கும் நேரத்தையும் எழுதிவையுங்கள். வயிறு நிறைந்த மிருகம் பக்கத்தில் வந்து நிற்கும் இரையைக்கூடத் தொடாமல் கிடக்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்பதாகக் குறைத்த பிறகும் சில ஓட்டங்கள் குலையும். காரணம் ஒளிய இடம் இல்லாதது. 1934-இல் காஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் கண்ணாடிக் குழாயில் பரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரையும் அதைத் தின்னும் இன்னொரு ஒற்றைச்செல் உயிரான டிடினியத்தையும் ஒன்றாக விட்டார். டிடினியம் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியில் செத்தது. உங்கள் களப்பேதான். அடியில் வண்டலைப் போட்டு ஒளிய இடம் கொடுத்தபோது தின்பது செத்தது, இரை தப்பியது. மூன்று நாளுக்கொரு தடவை இரண்டிலும் ஒவ்வொன்றை வெளியிலிருந்து சேர்த்தபோதுதான் ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. 1958-இல் ஹஃபேக்கர் தோடம்பழங்களுக்கு நடுவே சிற்றுண்ணிகளை விட்டு இதையே பெரிதாகச் செய்தார். வாஸ்லின் பூசி வழிகளை மறித்தார். இரைச் சிற்றுண்ணிகள் நூல் விட்டுக் காற்றில் பறந்து தப்ப மரக்குச்சிகள் நட்டார். தேடிப்போவது தாமதமானதும் மூன்று ஏற்ற இறக்கங்கள் வரை இரண்டும் சேர்ந்து இருந்தன. எனவே படத்தில் ஐந்தில் ஒரு பங்குக் கட்டங்களைக் கண்டல் வேராக்குங்கள். வாள்வாயனுக்கு அங்கே நுழைவு இல்லை. ஓரத்திலிருந்து அவ்வப்போது ஓர் உப்பூரியும் ஒரு வாள்வாயனும் நீந்தி வரட்டும்.

இனி நூலாளி. அதை நீங்கள் சின்ன வாள்வாயனாகவே செய்திருக்கிறீர்கள். மீன் வெட்டுபவர்களிடம் கேளுங்கள்: சில மீன்களின் வாய்க்குள், நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், வெளிறிய ஒரு பூச்சி காலை மடக்கிக் குந்தியிருக்கும். கண்கூட இருக்கும் அதற்கு. ஆனால் அந்த மீன் உயிரோடு நீந்திவந்துதான் வலையில் பட்டது. மீன் செத்தால் பூச்சிக்கு வீடு இல்லை.

கணக்கிலும் அது தெரியும். நூலாளி ஒட்டிய ஓர் உப்பூரி நாளுக்கு வேறு மூன்றைத் தொடுகிறது, தொட்டால் பத்தில் ஒரு தடவை ஒட்டுகிறது, இரண்டு நாளில் சாகிறது என்றால் 3 × 0.1 × 2 = 0.6. சாகுமுன் அது சராசரியாக இத்தனை உப்பூரிக்குத்தான் நூலாளியைக் கொடுக்கும். ஒன்றுக்குக் கீழே, நூலாளி தானாக அற்றுப்போகும். தொட்டால் நிச்சயம் ஒட்டும் என்று வைத்தால் 6, களப்பு காலி. சாகும் காலத்தைப் பத்து நாளாக்கினால், பத்தில் ஒன்றிலேயே 3 வரும். அதோடு விளையாடலாம்.

ஆனால் தொடுகையால் பரவுவதையே நான் விட்டுவிடுவேன். கலிபோர்னியாச் சதுப்புகளில் ஒரு தட்டைப்புழு நத்தையிலிருந்து சிறு மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் போகிறது. மீனின் மூளைமேல் உட்கார்ந்துகொண்டு அதை நெளியவும் புரளவும் வைக்கிறது. அப்படிப்பட்ட மீன்கள் 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பறவையிடம் சிக்குவதாக 1996-இல் அளந்தார்கள். நூலாளியும் அப்படி இருக்கட்டும்: ஒட்டிய ஏழாம் நாளில் உப்பூரி வேரைவிட்டு வெளிச்சத்துக்கு வரும், வயிற்றைப் புரட்டிக் காட்டும். வாள்வாயன் விழுங்கும். அதன் குடலில் நூலாளி முட்டையிடும், அதைக் கொல்லாது. எச்சம் சேற்றில், சேறு பாசியில், பாசி உப்பூரி வாயில். வேடிக்கை என்னவென்றால், இப்போது வாள்வாயன் அற்றுப்போனால் நூலாளியும் போய்விடும். உங்கள் ஆட்டக்காரர் அதைத் தாமாகவே கண்டுபிடிக்கட்டும்.

சண்டைக்கு வருகிறேன். மரீனி கோர்சோலாவின் கொம்புகளைக் கடித்துத் தின்கிறது, கொம்பு திரும்ப வளர்கிறது. கொல்லாமல் ஒரு பகுதியை மட்டும் தின்பதற்குப் பெயர் மேய்ச்சல். ஆகவே இரு தரப்புமே தோற்றீர்கள். மரீனிக்கு மாதிரியான முட்கிரீட நட்சத்திரமீன் 1970-களில் நம் பக்கத்து முருகைக்கற்களை மோசமாக அழித்தது. வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளி முருகைக்கல்மேல் போர்த்தி, சதையை அங்கேயே கரைத்து உறிஞ்சும். போன இடத்தில் வெள்ளை எலும்புதான் மிஞ்சும். சில முருகைகளின் கிளைகளுக்குள் ஒரு விரல்நகம் அளவு நண்டு குடியிருந்து, நட்சத்திரமீனின் குழாய்க்கால்களை நறுக்கி விரட்டும்.

2016-இன் போக்கிமோன் சன், மூன் கேம்களில் இது தலைகீழ்: கோர்சோலா உதவிக்குக் கூப்பிட்டால்தான் மரீனியே வரும். உப்பூரி கூப்பிடும்போது எது வரவேண்டும் என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. நண்டையும் வாள்வாயனையும் ஒரே அழைப்புக்கு வரவிட்டு, எது முதலில் வந்து சேர்கிறதோ அதற்கு விட்டுவிடுங்கள்.