பூவோட பாகங்களை பாட்டனில எப்படி விவரிக்கிறாங்க, மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்குங்க, ஒரு வாழைப்பூ வாங்கிட்டு வந்து உக்காருங்க.

நான் படிச்சது ரங்கூன்ல, புக்கு பூரா இங்கிலீஷ், காலிக்ஸ் கொரோலா கைனீசியம்னு முதல் வருஷம் ஒண்ணும் மண்டைல ஏறல. ஒருநாள் தெயின்ஜி மார்க்கெட்ல வாங்கின வாழைப்பூவ அப்பத்தா என்கிட்ட தள்ளி "கள்ளன எடுடா, வேகாது"ன்னுச்சு, எடுத்துக்கிட்டே இருக்கும்போதுதான் இந்தக் கள்ளன் யாருன்னு உத்துப் பாத்தேன். விறைப்பா ஒரு குச்சி, நுனில குண்டூசித் தலை மாதிரி ஒரு உருண்டை. அட, குச்சி சூல்தண்டு, உருண்டை சூல்முடி, ரெண்டும் பூவோட பெண் பாகம்! பக்கத்துல கண்ணாடித்தாள் மாதிரி ஒரு செதில் இருக்கும்ல, அதையும் பிச்சுப் போடுவோமே, அது பூவிதழ். மொத்தம் 6 இதழ்ல 5 ஒண்ணா ஒட்டிக்கிச்சு, இது மட்டும் தனியா நிக்குது. மகரந்தத்தாளும் (மகரந்தத்தூள் தர்ற ஆண் பாகம்) 6 இருக்கணும், எண்ணினா பெரும்பாலும் 5 தான் வரும்.

வெளிய செவப்பா மூடியிருக்கற மடல் இதழே இல்ல, பூவடிச்செதில். காகிதப்பூல கலர் கலரா இருக்கறதும் அதேதான், நடுவுல குட்டியா வெள்ளைக் குழாய் தெரியுதே அதுதான் பூ. (பர்மாக்காரங்க வாழைப்பூவ ஙப்யோ பூன்னு சொல்வாங்க, ஆனா அவங்க பாஷைல பூன்னா மொட்டு. ரங்கூன் ஷ்வெடகோன் பகோடால உச்சிக் குடைக்குக் கீழ இருக்கற மொட்டு மாதிரி பகுதிக்கும் அதே பேர்தான்.)

பாட்டனிக்காரங்க பண்றதும் இதே வேலைதான், வெளில இருந்து உள்ள வரைக்கும் ஒவ்வொரு வட்டமா உரிக்கிறது. புல்லி (காலிக்ஸ், வெளில இருக்கற பச்சை வட்டம்), அல்லி (கொரோலா, கலர் இதழ்), மகரந்தத்தாள், சூலகம் (கைனீசியம், நடுவுல இருக்கற பெண் பாகம்). ஒவ்வொண்ணுக்கும் எத்தனை, தனித்தனியா இல்ல ஒட்டியிருக்கான்னு பாத்து மலர் சூத்திரமா சுருக்கி எழுதுவாங்க, ஒட்டியிருந்தா அடைப்புக்குறி. கே-ன்னா புல்லி, சி அல்லி, ஏ மகரந்தத்தாள், ஜி சூலகம். செம்பருத்திக்கு கே அடைப்புக்குள்ள 5, சி 5, ஏ அடைப்புக்குள்ள எண்ணிலி, ஜி அடைப்புக்குள்ள 5, அவ்ளோதான். ஏ-க்கு ஏன் அடைப்புன்னா, தாள் எல்லாம் சேர்ந்து ஒரே குழாயாகி அதுக்குள்ள சூல்தண்டு ஓடுது, நுனில 5 சூல்முடி வெளிய எட்டிப் பாக்கும்.

எல்லாரும் குழம்பறது சூற்பை (சூலகத்துல காயா மாறற அடிப்பாகம்) மத்த வட்டங்களுக்கு மேலயா கீழயாங்கறதுலதான். இதுக்குப் பூவ விட்டுட்டுக் காயப் பாருங்க. கத்திரிக்காய்க்கு புல்லி காம்புப் பக்கம் தொப்பி மாதிரி இருக்கு, அப்ப சூற்பை மத்ததுக்கெல்லாம் மேல. கொய்யாக்கு அது காம்புக்கு எதிர்ப்பக்கம் நுனில காஞ்சு நிக்குது, மாதுளைல கிரீடமாவே நிக்குது, அப்ப சூற்பை கீழ. வாழைக்காய் நுனில கருப்பா ஒட்டிட்டு இருக்கறதும் பூவோட மிச்சம்தான், அதுவும் கீழ. சூத்திரத்துல ஜி-க்கு அடில கோடு போட்டா மேல்மட்டம், தலைல கோடு போட்டா கீழ்மட்டம், இத யாரு தலைகீழா யோசிச்சாங்களோ தெரியல, எழுதறப்ப இன்னிக்கும் ஒரு செகண்ட் நிப்பேன்.

பழகறதுக்கு செம்பருத்தி நல்லதுதான், ஆனா எனக்கு ப்ராக்டிகல் எக்ஸாம்ல அடுக்கு செம்பருத்திய குடுத்துட்டாங்க, நான் இதழ எண்றேன் எண்றேன் முடியவே மாட்டேங்குது, சிலதுல பாதி இதழ் பாதி மகரந்தத்தாள், ஓரத்துல மகரந்தப்பை ஒட்டிக்கிட்டு நிக்குது. தாள்கள்தான் இதழா மாறியிருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது, அல்லி 23ன்னு எழுதிட்டு வந்துட்டேன். மார்க் கேக்காதீங்க. காளி கோயில் வாசல் பூக்கடைல வாங்கினீங்கன்னா ஒத்தை செம்பருத்தின்னு கேட்டு வாங்குங்க.