எதற்கு முதலிடம்? நிறுவனங்களின் நிலைத்தன்மைப் பிரச்சினைகளை வரிசைப்படுத்துவது பற்றிய கேள்வி பதில்

நிறுவனங்களுக்கு முக்கியத்துவ மதிப்பீடு, அதாவது சூழல், மக்கள், நிதி சார்ந்த பிரச்சினைகளில் எவை முக்கியமானவை எனக் கண்டறியும் வேலை, செய்து தரும் பணியில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டிருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துள்ளேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் நிறுவனத்தின் நிலைத்தன்மைப் பொறுப்பை அண்மையில்தான் ஏற்றேன். கையில் கொடுக்கப்பட்ட பட்டியலில் 43 பிரச்சினைகள் இருக்கின்றன. எந்த முறையைக் கொண்டு இவற்றை வரிசைப்படுத்துவது?

பதில்: வணக்கம். முறையைத் தேடுவதற்கு முன், இந்த வரிசையை வைத்துக்கொண்டு யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆண்டறிக்கையில் எவற்றை வெளியிடுவது என்பது ஒரு முடிவு. வரும் மூன்று ஆண்டுகளின் முதலீட்டை எங்கே செலுத்துவது என்பது வேறொரு முடிவு. ஒரு மூலப்பொருளைத் தொடர்ந்து வாங்குவதா, கைவிடுவதா என்பது இன்னொன்று. இந்த மூன்றுக்கும் ஒரே வரிசை பொருந்துவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அடுத்ததாக, 43 என்ற எண்ணிக்கையே ஐயத்திற்குரியது. இத்தகைய பட்டியல்களில் காலநிலை மாற்றம் என்ற மாபெரும் தலைப்பும், அலுவலக மின்விளக்குகள் என்ற சிறு நடவடிக்கையும், நிறுவனத்தின் நற்பெயர் என்ற விளைவும் அருகருகே நிற்கும். நற்பெயர் ஒரு பிரச்சினை அன்று. வேறு ஏதோ ஒன்று தவறிப்போனால் நேரும் விளைவு அது. தலைப்பு, நடவடிக்கை, விளைவு என மூன்றாகப் பிரித்து, தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் பட்டியல் பாதிக்கும் கீழே வந்துவிடும். எஞ்சிய ஒவ்வொன்றும் மூலப்பொருளில் தொடங்கி, பயன்பாடு முடிந்து பொருள் தூக்கி எறியப்படும் வரையிலான சங்கிலியில் எந்த இடத்தில் எழுகிறது என்பதைக் குறியுங்கள். எதுவும் விடுபட்டதா என்று சரிபார்க்க, 77 தொழில்துறைகளுக்குத் தனித்தனியே வகுக்கப்பட்ட சாஸ்பி (SASB) என்னும் நிலைத்தன்மைத் தகவல் வெளியீட்டுத் தரநிலைகள் நல்ல துணை. மதிப்பெண் போடுவது இவ்வளவுக்கும் பிறகுதான்.

கேள்வி: நான் நிதிப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஒற்றை முக்கியத்துவம், இரட்டை முக்கியத்துவம் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் பணத்தைப் பாதிப்பதுதானே முக்கியம்?

பதில்: உங்கள் கேள்விக்கு ஒரு மரபு உண்டு. 1976-இல் டிஎஸ்சி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியாயமாகச் சிந்திக்கும் ஒரு பங்குதாரர் வாக்களிக்கும்போது முக்கியமானதாகக் கருதக்கூடிய வாய்ப்பு கணிசமாக உள்ள தகவலே முக்கியமான தகவல் என்று வரையறுத்தது. 2023 ஜூனில் வெளியான, நிலைத்தன்மைத் தகவல்களை வெளியிடுவதற்கான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1 (IFRS S1) என்னும் சர்வதேசத் தரநிலையும் முதலீட்டாளர், கடன் கொடுப்போர் ஆகியோரின் முடிவுகளையே அளவுகோலாகக் கொள்கிறது. நிலைத்தன்மை அறிக்கைக்கான ஜிஆர்ஐ (GRI) தரநிலைகள் எதிர்த்திசையிலிருந்து பார்க்கின்றன: நிறுவனம் பொருளாதாரத்தின் மீதும், சூழலின் மீதும், மக்களின் மீதும் ஏற்படுத்தும் தாக்கமே அங்கு அளவுகோல். இவற்றில் ஒரு பார்வையை மட்டும் கொள்வது ஒற்றை முக்கியத்துவம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலைகளான ஈஎஸ்ஆர்எஸ் (ESRS) இவ்விரண்டு பார்வைகளையும் சேர்த்துக் கேட்கிறது. அதுவே இரட்டை முக்கியத்துவம்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈஎஸ்ஆர்எஸ் விதியின்படி, தாக்கத்தின் வழியாகவோ நிதியின் வழியாகவோ ஏதேனும் ஒரு வழியில் முக்கியமானால் போதும், அந்தப் பிரச்சினை பட்டியலில் இடம்பெற வேண்டும். ஆனால் இரண்டு அச்சுகளில் புள்ளிகளை வைத்து மேட்ரிக்ஸ் வரையும் பழக்கம், இரண்டிலும் உயர்ந்து நிற்கும் வலது மேல் மூலையை மட்டுமே பார்க்க வைக்கிறது. மக்களுக்குப் பெருந்தீங்கு செய்தும் இன்றைய கணக்கில் நிறுவனத்திற்குச் செலவு வைக்காத பிரச்சினை, ஒரு அச்சில் உச்சியிலும் மற்றொன்றில் அடியிலும் நின்று, மூலைக்கு வெளியே போய்விடுகிறது. எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான்.

கேள்வி: நாங்கள் தீவிரத்திற்கு 1 முதல் 5 வரையும், நிகழும் வாய்ப்பிற்கு 1 முதல் 5 வரையும் மதிப்பெண் கொடுத்து, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துகிறோம். இதில் குறை உண்டா?

பதில்: உண்டு, சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சப்ளையர் ஒருவரின் தொழிற்கூடத்தில் தீ விபத்து ஏற்படும் அபாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீவிரம் 5, வாய்ப்பு 1 எனக் கொண்டால் பெருக்குத்தொகை 5. அலுவலகக் காகித வீணடிப்புக்குத் தீவிரம் 2, வாய்ப்பு 5, பெருக்குத்தொகை 10. உங்கள் அட்டவணை, காகிதத்தை உயிர்களுக்கு மேலே வைத்துவிட்டது! அதைப் போட்டவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. 1, 2, 3 என்பவை தர வரிசையைக் காட்டும் எண்களே. தீவிரம் 4 என்பது தீவிரம் 2-இன் இரு மடங்கு என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படிப்பட்ட எண்களைப் பெருக்கினால் வருவது துல்லியம் போலத் தோற்றமளிக்கும் ஒன்று மட்டுமே.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே தைக்கப்பட்ட ஆடைகளை வாங்கிய நிறுவனங்களின் அலுவலகங்களிலும் பொறுப்புகளைப் பற்றிய ஆவணங்கள் இருந்திருக்கும். அந்தக் கட்டடச் சுவர்களில் முந்தைய நாளே விரிசல் தெரிந்திருந்தது. வாய்ப்பு குறைவு என்று எண்ணிடும்போது, அது உண்மையிலேயே குறைவா, அல்லது நாம் போய்ப் பார்க்காததால் குறைவாகத் தெரிகிறதா என்பதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வணிகமும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 2011-இல் ஏற்கப்பட்டன. அவை தீவிரத்தை மூன்று கூறுகளாகப் பிரிக்கின்றன: தீங்கு எவ்வளவு கடுமையானது, எத்தனை பேரைத் தொடுகிறது, பிறகு சரிசெய்ய இயலுமா. மனித உரிமை சார்ந்த தீங்குகளில் தீவிரம் வாய்ப்பை விட முதன்மை பெற வேண்டும் என்பதை ஈஎஸ்ஆர்எஸ், ஜிஆர்ஐ இரண்டும் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆகவே நான் பரிந்துரைப்பது, பெருக்கலுக்கு முன்பே ஒரு வாயிலை அமைப்பது. சரிசெய்ய முடியாத தீங்கு, அதாவது உயிரிழப்பு, நிலத்தடி நீர் நிரந்தரமாகக் கெடுவது, ஓர் உயிரினம் அற்றுப்போவது போன்றவை எண் எதுவாயினும் முதல் குழுவில் சேரட்டும். மதிப்பெண் ஒப்பீட்டை எஞ்சியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏஹெச்பி, டாப்சிஸ், எலெக்ட்ரே போன்ற, பல அளவுகோல்களைச் சேர்த்து முடிவெடுக்கும் முறைகள் தேவையா? எங்கள் ஆலோசகர் ஏஹெச்பி-யை வற்புறுத்துகிறார்.

பதில்: ஏஹெச்பி என்பது 1970-களில் தாமஸ் சாட்டி உருவாக்கிய முறை. இரண்டிரண்டாக எடுத்து, இது அதைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்பதை 1 முதல் 9 வரையிலான அளவில் கேட்பது அதன் அடிப்படை. அதன் உண்மையான பயன், முரணை வெளிக்கொணர்வதில் இருக்கிறது. நீர், கழிவைவிட 3 மடங்கு முக்கியம் என்றும், கழிவு, இரைச்சலைவிட 2 மடங்கு முக்கியம் என்றும் சொன்ன ஒருவர், நீர் இரைச்சலைவிட 2 மடங்குதான் என்று சொன்னால், 6 எங்கே போயிற்று என்று அந்த முறை கேட்கும். முரண் விகிதம் 0.1-ஐத் தாண்டினால் மீண்டும் யோசிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் 20 பிரச்சினைகளுக்கு 190 ஒப்பீடுகள் ஆகும். எந்த மேலாளரும் அதைக் கவனத்துடன் முடிக்கமாட்டார். எனவே பிரச்சினைகளை அல்லாமல், ஆறேழு அளவுகோல்களின் வெயிட்டேஜை முடிவு செய்ய மட்டும் ஏஹெச்பி-யைப் பயன்படுத்துங்கள். ஏழுக்கு 21 ஒப்பீடுகளே போதும்.

டாப்சிஸ் (மிகச் சிறந்த நிலைக்கு எவ்வளவு அருகில், மிக மோசமான நிலைக்கு எவ்வளவு தொலைவில் என்று பார்ப்பது), எடையிட்ட கூட்டல் (ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டுவது) இரண்டிலும் ஒரு பொதுவான இயல்பு உண்டு: ஓர் அளவுகோலில் படுமோசமாக இருப்பதை இன்னொன்றில் சிறப்பாக இருப்பது ஈடுகட்டிவிடும். பிரான்சின் பெர்னார் ருவா 1960-களில் தொடங்கிய எலெக்ட்ரே குடும்ப முறைகளிலோ தடை எல்லை வைக்க வழியுண்டு. ஓர் அளவுகோலில் வேறுபாடு அந்த எல்லையைத் தாண்டினால், மற்ற அளவுகோல்கள் எவ்வளவு உயர்ந்தாலும் அதற்கு ஈடாகா. சூழல் சார்ந்த முடிவுகளுக்கு இந்த எண்ணம் மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. மென்பொருள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. தடை எல்லையைத் தாளில் எழுதி வைத்தாலே போதும்.

எந்த முறையாயினும், வெயிட்டேஜை முன்னும் பின்னும் ஐந்தில் ஒரு பங்கு மாற்றிப் பாருங்கள். முதல் ஐந்து இடங்கள் அசையவில்லை என்றால் முடிவை நம்பலாம். அசைந்தால், அந்த இடங்களில் வரிசை எண்ணை எடுத்துவிட்டு, ஒரே நிலைக் குழுவாக அறிவிப்பதே நேர்மை.

கேள்வி: ஊழியர், சுற்றி வாழ்வோர் என நிறுவனத்தோடு தொடர்புடையோரின் கருத்தறிய ஆன்லைன் சர்வே நடத்தினோம். வந்த பதில்களில் பெரும்பகுதி எங்கள் ஊழியர்களிடமிருந்து. போதுமா ஐயா?

பதில்: போதாது. ஒருமுறை ஒரு தொழிற்சாலைக்கான மதிப்பீட்டை நானே சரிபார்த்தபோது, நிலத்தடி நீர் பட்டியலின் பாதிக்கும் கீழே இருந்தது. பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் தலைமை அலுவலகத்தினர். ஆலையைச் சுற்றி வாழ்ந்த ஒருவர்கூட அந்தப் படிவத்தைப் பார்த்ததில்லை. படிவத்தை வடிவமைத்ததில் எனக்கும் பங்கு இருந்ததால், அதை இன்றும் என் தவறாகவே கருதுகிறேன்.

மிட்செல், ஏகிள், வுட் ஆகியோர் 1997-இல் முன்வைத்த கோட்பாடு, தொடர்புடையோரை அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம் என்னும் மூன்று பண்புகளால் வகைப்படுத்துகிறது. நிறுவனங்கள் யாருக்குச் செவிசாய்க்கின்றன என்பதை அது நன்றாக விளக்குகிறது. யாருக்குச் செவிசாய்க்க வேண்டும் என்ற கேள்விக்கு அதையே விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமையும் அவசரமும் இருந்து அதிகாரம் மட்டும் இல்லாதவர்களை முதலில் நேரில் சந்தியுங்கள். பத்து ஆழமான உரையாடல்கள், ஆயிரம் டிக் குறிகளைவிட அதிகம் சொல்லும். வாக்குகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதை விடுத்து, ஒவ்வொரு குழுவின் கருத்தையும் தனித்தனி வரியில் இயக்குநர் குழுவுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் பணமாக மாற்றிவிட்டால் ஒப்பிடுவது எளிதல்லவா?

பதில்: சில இடங்களில் அது கண்ணைத் திறக்கும். பூமா நிறுவனம் தன் 2010-ஆம் ஆண்டுச் சூழல் தாக்கத்தை 14.5 கோடி யூரோ என மதிப்பிட்டு வெளியிட்டபோது, அதில் ஏறத்தாழ 94 விழுக்காடு தன் சொந்தச் செயல்பாடுகளுக்கு வெளியே, விநியோகச் சங்கிலியில் இருப்பது தெரியவந்தது. எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பதை அந்த ஒரு விகிதமே சொல்லிவிடுகிறது.

ஆனால் எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் தள்ளுபடி விகிதத்தில் விழிப்பாக இருங்கள். 30 ஆண்டுகள் கழித்து நேரும் 100 அலகு சேதம், 10 விழுக்காட்டுத் தள்ளுபடியில் இன்றைய மதிப்பில் 5.7 மட்டுமே, 3 விழுக்காட்டில் 41. காலநிலைப் பிரச்சினை மேலே வருவதும் கீழே போவதும் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணின் கையில் இருக்கிறது. நிதிப் பிரிவின் வழக்கமான விகிதத்தை யாரும் கேள்வி கேட்காமல் அப்படியே போட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு விகிதங்களிலும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் முப்பது பேர் கொண்ட சிறு நிறுவனம். இவ்வளவும் எங்களால் ஆகுமா?

பதில்: தேவையில்லை. சங்கிலியை ஒரு தாளில் வரையுங்கள். எங்கே சரிசெய்ய முடியாத தீங்கு நேரலாம், எங்கே உங்களால் உண்மையில் மாற்ற முடியும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, மூன்று பிரச்சினைகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் கேள்விக்கான விடை முதல் கேள்வியின் விடையை நீக்கிவிடக் கூடாது. நம்மால் முடியாதது என்பதால் அது முக்கியமற்றதாகிவிடாது.

கேள்வி: எங்களிடம் நல்ல வரிசை இருக்கிறது, மூன்று ஆண்டுகளாக அறிக்கையில் வருகிறது. ஆனால் எந்த முடிவும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலீட்டுக் கோரிக்கைப் படிவத்தைத் திறந்து பாருங்கள். முதல் ஐந்து பிரச்சினைகளில் ஒன்றைப் பற்றியேனும் அதில் கேள்வி இருக்கிறதா? இல்லையென்றால், அந்த வரிசை முடிவெடுப்போரின் மேசைக்குச் சென்று சேரவே இல்லை. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு பொறுப்பாளர், அளவிடக்கூடிய ஓர் எல்லை, எல்லை மீறப்பட்டால் தானாகவே தொடங்கும் ஒரு நடவடிக்கை ஆகிய மூன்றையும் இயக்குநர் குழுவிடம் ஒப்புதல் பெறுங்கள். கார்பனுக்கு உள்விலை வைப்பது, அதாவது நிறுவனம் தன் கார்பன் உமிழ்வுக்குத் தானே ஒரு விலை குறிப்பது, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மைக்ரோசாஃப்ட் 2012 முதல் தன் பிரிவுகளிடமிருந்து உமிழ்வுக்கு உண்மையாகவே கட்டணம் வசூலிக்கிறது. பிரிவுத் தலைவரின் பட்ஜெட்டில் பணம் குறையும்போது, உமிழ்வு அவருடைய பிரச்சினை ஆகிறது. திட்ட மதிப்பீட்டில் மட்டும் சேர்க்கப்படும் நிழல் விலை அதைவிட எளிது என்றாலும், அதன் காரணமாக ஒரு திட்டமாவது கைவிடப்பட்டதா என்பதை ஆண்டுதோறும் கணக்கெடுங்கள். ஒன்றும் கைவிடப்படவில்லை என்றால் விலை மிகக் குறைவாக இருக்கிறது, அல்லது யாரும் அதைப் படிப்பதில்லை.

கேள்வி: இந்த மதிப்பீட்டை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

பதில்: முழு மதிப்பீட்டை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும், ஆண்டுதோறும் ஒரு சுருக்கமான மறுபார்வை வேண்டும். புதிய ஆலை, புதிய மூலப்பொருள், ஒரு நிறுவனத்தை வாங்குவது, சங்கிலியில் எங்கேனும் ஒரு விபத்து ஆகிய நான்கில் ஏதேனும் நேர்ந்தால் காலண்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். மறுபார்வையின்போது மேலே இருப்பவற்றைவிடக் கீழ்வரிசையை முதலில் படியுங்கள். சென்ற முறை எந்தக் காரணத்திற்காக அவற்றைக் கீழே வைத்தோம் என்பதை எழுதி வைத்திருந்தால், அந்தக் காரணம் இன்னும் நிற்கிறதா என்பதைப் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.