பள்ளிச் செய்தியின் முதல் பக்கம்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 260 பிள்ளைகள். சில ஆண்டுகளாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘பள்ளிச் செய்தி’ என்ற எட்டுப் பக்க இதழை அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுத்துவருகிறோம். போட்டி முடிவுகள், விழாக்கள், பிள்ளைகளின் படைப்புகள், நன்கொடை தந்தவர்களின் படங்கள் எல்லாம் வரும். ஓர் இதழுக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய் ஆகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகப் பணமும் அங்கே இங்கே கேட்டு வாங்கியதுமாகச் சமாளித்தோம். ஒன்றிய அரசின் கல்வி நிதி 2024-25இல் நின்ற பிறகு பள்ளி மானியமும் தடுமாறுகிறது. கரண்ட் பில்லுக்கும் சாக்பீஸுக்குமே கையைப் பிசைகிறோம். “இதழை நிறுத்திவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?” என்கிறார் தலைமையாசிரியர். அச்சு வேண்டுமா, பிடிஎஃப் போதுமா? ஊர்க் கடைகளில் விளம்பரம் வாங்கலாமா? ஒரு பள்ளியின் செய்தியை உண்மையில் யாராவது படிக்கிறார்களா? கடைசி மூன்று இதழ்களை இணைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அரசுப் பள்ளிகள் தங்கள் ஊரிடம் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்மையில் ஒரு கிராமத்தில் கல்விச் சீர் விழாவுக்குப் போயிருந்தேன். மேளதாளத்தோடு தாம்பாளங்களில் பேனா, நோட்டு, தண்ணீர்க்குடம், சுவர்க்கடிகாரம் என்று தாய்மாமன் சீர் போல ஊரே பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனது. பார்க்கவே மனம் நிறைந்தது. அங்கே ஒரு பெரியவரிடம், “இந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “அதெல்லாம் வாத்தியாருங்களுக்குத்தான் தெரியும். ஏதோ எங்களால ஆனது” என்றார். ஒன்பது சுவர்க்கடிகாரம் வந்திருந்தது. அறிவியல் ஆய்வகத்துக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. அன்று முதல் இது மனதில் கிடந்து உறுத்துகிறது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மூன்று இதழ்களையும் எழுத்து விடாமல் படித்தேன். அரசுப் பள்ளியில் பாடமும் நடத்தி, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவேற்றமும் செய்து, தேர்தல் வேலைக்கும் போய்விட்டு, பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பிழை திருத்தி ஓர் இதழ் கொண்டுவருகிறீர்கள். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். பாட்டியின் கேழ்வரகு வயலைப் பற்றி எட்டாம் வகுப்புப் பையன் எழுதிய அரைப் பக்கம் உயிருள்ள எழுத்து. அவனை விட்டுவிடாதீர்கள்.

இனி கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று இதழிலும் சேர்த்து இருபத்து நான்கு பக்கம். நன்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் மட்டும் பதினொன்று. விழா, விழா, மீண்டும் விழா. கரண்ட் பில் கட்டக் கையைப் பிசைகிறோம் என்று முகம் தெரியாத எனக்கு எழுதுகிறீர்கள். அந்தச் செய்தி உங்கள் இதழில் ஒரு வரி உண்டா? இல்லை. பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்திருக்கிற தாய்க்கு இதைச் சொல்லாமல் எனக்குச் சொல்லி என்ன பயன்? பணமில்லாததால் இதழை நிறுத்தப்போகிறீர்கள், ஆனால் பணமில்லை என்பதை இதழில் சொல்லவேயில்லை. ஊரில் யாராவது படிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கிற மாதிரி என்ன போட்டீர்கள், டீச்சர்?

ஒரு கணக்கைப் போடுவோம். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த மானியம் என்று ஒன்று உண்டு. சாக்பீஸ், கரண்ட், சின்னச் சின்ன ரிப்பேர், துடைப்பம், பினாயில் எல்லாம் அதிலிருந்துதான். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும் என்பது விதி. 250க்கு மேல் 1,000 வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அந்த மானியம் ஆண்டுக்கு 75,000 ரூபாய். உங்கள் 260 பிள்ளைகளுக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஆண்டுக்கு 288 ரூபாய், மாதத்துக்கு 24 ரூபாய். ஒழுங்காக வந்தால்தான் அதுவும். உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இந்த 24 ரூபாய் தெரியும்? ‘அரசாங்கம் கோடி கோடியாகக் கொட்டுகிறது, வாத்தியார்கள் என்ன செய்கிறார்களோ’ என்று டீக்கடையில் பேசுகிறவருக்குத் தெரியுமா? இதுதான் உங்கள் முதல் பக்கச் செய்தி. பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு ஏழாம் பக்கத்துக்குப் போகட்டும்.

அரசைக் குறை சொன்னதாகிவிடுமே என்று தலைமையாசிரியர் பயப்படுவார். அந்தப் பயத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாறுதல் உத்தரவும் விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வந்த தொகை, செலவான தொகை, வர வேண்டிய தொகை ஆகியவற்றை எழுதுவது விமர்சனம் ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் மனுப்போட்டுக் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு பொது அமைப்பும் தன் நிதி விவரத்தைத் தானே வெளியிட வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவு, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். கணக்குப் பக்கத்தை நீங்கள் எழுத வேண்டாம். குழுக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானமாகப் பதிந்து, குழுத் தலைவியின் பெயரில் போடுங்கள். ஒரு தாய் கையெழுத்திட்ட கணக்கை யார் என்ன செய்துவிட முடியும்?

என் அப்பா கொத்தனார். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான் படித்த பள்ளியின் வாசலை அவர் மிதித்தது அபூர்வம். பள்ளிக்கூடம் என்பது வெள்ளைச் சட்டைக்காரர்களின் இடம், கூப்பிட்டால் கைகட்டி நிற்க வேண்டிய இடம் என்றே நினைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் பெண்பிள்ளைகள் கழிப்பறையின் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “சுவர் விழுந்துவிட்டது. மேலே எழுதிவிட்டேன். பணம் அடுத்த வருஷம்தான் வரும் என்கிறார்கள். அதுவரை பெரிய பெண்கள் பள்ளிக்கு வர மாட்டார்கள். எனக்கு வழி தெரியவில்லை.” அவ்வளவுதான். நன்கொடை என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

அப்பா அன்று வீட்டில் எதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு சித்தாள்களையும் மட்டப்பலகையையும் கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். செங்கல்லை யாரோ கொடுத்தார்கள், மணல் இன்னொருவர் வண்டியில் வந்தது. சுவர் எழுந்தது. அதன்பின் அந்தப் பள்ளிக்குள் என் அப்பா நடந்த நடையே வேறு. ‘என் சுவர் எப்படி நிற்கிறது’ என்று பார்க்கப் போவார். போகிற வாக்கில் என் மதிப்பெண்ணையும் விசாரிப்பார். ஆசிரியர்கள் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பணம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் பணம் இல்லை. குறையைச் சொன்னதால் தன்னிடம் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்தது.

ஆகவேதான் அந்தப் பொன்னாடைப் படங்களைப் பார்த்ததும் எனக்கு அத்தனை எரிச்சல். பணம் வைத்திருப்பவர் மட்டும்தான் பள்ளிக்கு வேண்டப்பட்டவர் என்று அவை ஊருக்குச் சொல்கின்றன. எலக்ட்ரீசியன், பிளம்பர், தையல்காரர், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா எல்லோரும் தங்களுக்கு அங்கே வேலையில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதைவிட ஒன்று. இரண்டாவது இதழின் நான்காம் பக்கத்தில் இலவசக் காலணி வாங்கிய பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் போட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? நானும் ஒரு மேடையில் சட்டைத்துணிக்காக அப்படி நின்றவன். அந்தத் துணியைத் தைத்துப் போட்டுக்கொள்ளவே எனக்கு மனம் வரவில்லை. டீச்சர், இனி எந்தப் பிள்ளையின் முகத்தையும் அந்த வரிசையில் போடாதீர்கள். இது வேண்டுகோள் அல்ல, கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

குறையை எழுதினால் பள்ளிக்குக் கெட்ட பெயர், சேர்க்கை குறையும் என்று சிலர் சொல்வார்கள். நம் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்று தொடங்கி, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. ஒவ்வொரு பள்ளியும் தன் தேவைகளைப் பட்டியல் போட்டது. இத்தனை பெஞ்சு, இத்தனை கரும்பலகை, சுற்றுச்சுவர், குடிநீர்ப் பானை. அந்தப் பட்டியலை ஊர் முன்னால் வைத்தார்கள். அன்றும் கஜானா நிரம்பி வழியவில்லை. குடியானவர்களும் கடைக்காரர்களும் பட்டியலில் ஆளுக்கொன்றை ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அரசே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரில் தொடங்கி, வெளியூரில் இருப்பவர்களும் நிறுவனங்களும் உதவ வழி வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு உங்கள் பள்ளியின் குறை இணையத்தில் தெரிகிறது, பள்ளியின் பின்வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அரசுகள் கையை உதறிவிட்டுப் போவதற்கு உங்கள் இதழ் துணைபோகக் கூடாது. சமக்ர சிக்ஷா நிதியில் 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநில அரசும் தர வேண்டும். ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தியது அநியாயம். மாநில அரசு அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையில் மிதிபட்டது உங்கள் சாக்பீஸ் டப்பா. இரண்டு அரசுகளுக்கும் அந்த டப்பாவுக்கும் உள்ள தொடர்பை உங்கள் ஊர்த் தாய் ஒருத்தி புரிந்துகொண்டால், கிராம சபையில் எழுந்து கேட்பாள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேட்பாள். வாங்கிய கடிகாரத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கும் பள்ளிக்காக யாரும் கேட்க மாட்டார்கள். வர வேண்டியது, வந்தது, வராதது என்று மூன்று பத்தி போடுங்கள். வராதது யாரிடமிருந்து என்பதையும் போடுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப் போதாது. உங்கள் ஊர்ப் பக்கம் பாதி அப்பாக்கள் பெங்களூரில் கட்டட வேலையில், திருப்பூரில் பனியன் வேலையில். போன் அவர்களோடு போய்விடுகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி. அவளுக்குத் தாள்தான் வேண்டும், பேரன் வாசித்துக் காட்டுவான். ஆனால் வழவழத் தாள், வண்ண அட்டை எதற்கு? எட்டுப் பக்கத்தை நாலாக்குங்கள். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுங்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் நிறுத்தம், டீக்கடை என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், பெங்களூரில் இருப்பவர் பார்க்கட்டும். விளம்பரம் தாராளமாக வாங்குங்கள், கடைசிப் பக்கத்தில். அரசியல் கட்சிக்காரரிடமும் தனியார் பள்ளியிடமும் மட்டும் வாங்காதீர்கள்.

செய்தியைப் பிள்ளைகள் எழுதட்டும். மூன்றாவது இதழில் எட்டாம் பக்க மூலையில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு வரி எழுதியிருக்கிறாள். குடிநீர்த் தொட்டிக் குழாய்களில் இரண்டு ஓடவில்லை, இடைவேளை முடிவதற்குள் எல்லோராலும் குடிக்க முடிவதில்லை, அதனால் தன் தோழிகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று. டீச்சர், அந்த இருபத்து நான்கு பக்கத்தில் செய்தி என்றால் இது ஒன்றுதான். கண்ணால் பார்த்திருக்கிறாள், எண்ணியிருக்கிறாள், விளைவையும் கவனித்திருக்கிறாள். அதை இடம் நிரப்பப் போட்டிருக்கிறீர்கள். அவளையும் கேழ்வரகு வயல் பையனையும் சேர்த்து ஐந்தாறு பேரை நிருபராக்குங்கள். வகுப்பறைக் கரும்பலகை மூலையில் தினமும் ‘பதிவு 38, வருகை 35’ என்று எழுதுகிறீர்களே, அந்த எண்ணை மாதக் கடைசியில் வகுப்புவாரியாகக் கூட்டச் சொல்லுங்கள். எந்த மாதம் குறைகிறது, அறுவடைக்கா, திருவிழாவுக்கா, பஸ் நின்றுபோனதாலா என்று அவர்களே விசாரித்து எழுதட்டும். பெயர்கள் வேண்டாம். படிப்பை நிறுத்தி ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் அது இதழுக்கான செய்தி இல்லை, அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்ய வேண்டிய விஷயம். அதைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

தலைமையாசிரியரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் பில்லை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் தவிப்பவர் அவர்தான். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கணக்குப் பக்கத்தை வையுங்கள். அதற்கு முந்தின நாளே, குழாயைப் பற்றி எழுதிய அந்தப் பெண்ணிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, இரண்டு குழாயையும் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று பிளம்பரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அந்தத் தொகை முதல் பக்கத்தில் வரட்டும். இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம்.

அன்புடன்,
எழுத்தாளர்