டிஃபால்ட் ஆன கல்விக் கடனையும் சேர்த்து ஒரே கடனாக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் 2020-இல் பட்டம் முடித்து, இப்போது பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தலா 7,500 டாலரில் இரண்டு டைரக்ட் லோன் (மத்திய அரசு நேரடியாகத் தந்தது), ஒரு பெர்கின்ஸ் லோன் (அரசுத் திட்டத்தில் கல்லூரி வழியாகக் கிடைத்தது), ஒரு தனியார் வங்கிக் கடன் உள்ளன. டைரக்ட் லோன்களில் ஒன்று, நெடுநாள் தவணை கட்டாததால் டிஃபால்ட் ஆகிவிட்டது. கிரெடிட் ஸ்கோரும் மோசம். எல்லாவற்றையும் ஒன்றாக்க எனக்குத் தகுதி உண்டா?

பதில்: ஸ்கோர் கவலையை விடுங்கள். மத்திய அரசின் டைரக்ட் கன்சாலிடேஷனுக்கு (பல அரசுக் கடன்களை ஒரே புதிய கடனாக்குவது) ஸ்கோர் பார்ப்பதில்லை. கட்டணமும் கிடையாது, பணம் கேட்டு யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். ஸ்டூடண்ட்எய்ட்.கவ் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

தனியார் வங்கிக் கடன் இதில் சேராது. அதற்காக அரசுக் கடன்களையும் ஒரு வங்கியில் ரீஃபைனான்ஸ் செய்து தனியார் கடனாக்கிவிடாதீர்கள். வருமானத்துக்கேற்ற தவணை, கடன் தள்ளுபடி எல்லாம் கைவிட்டுப் போகும். திரும்பப் பெற வழியில்லை.

சிக்கல் டிஃபால்ட் ஆன கடனில்தான். அதைச் சேர்க்க இரண்டு வழிகள். புதிய கடனை வருமானத்துக்கேற்ற திட்டத்தில் கட்டச் சம்மதிப்பது ஒன்று. முதலில் மூன்று மாதம் தொடர்ந்து, முழுத் தவணையை, உரிய தேதிக்குள், நீங்களாகவே கட்டிவிட்டு விண்ணப்பிப்பது மற்றொன்று. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட பணம் இந்த மூன்றில் சேராது. சம்பளத்தில் பிடிக்கும் உத்தரவோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால், அது நீங்கும்வரை கன்சாலிடேஷனே நடக்காது. முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் திட்டத்துக்கான படிவத்தையும் கூடவே கொடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 2026 ஜூலை 1 முதல் வழங்கப்படும் கன்சாலிடேஷன் கடனுக்குப் பழைய வருமானத் திட்டங்கள் இல்லை. ஆர்ஏபி (ரீபேமெண்ட் அசிஸ்டன்ஸ் பிளான்) என்ற, வருமானத்துக்கேற்ற புதிய திட்டம்தான்.

இன்னொன்று: கன்சாலிடேஷன் டிஃபால்ட்டிலிருந்து வெளியே கொண்டுவரும், ஆனால் டிஃபால்ட் ஆன பதிவு கிரெடிட் ரிப்போர்ட்டில் அப்படியே இருக்கும். அதை நீக்குவது ரீஹாபிலிடேஷன் என்ற கடன் மீட்பு முறை மட்டுமே. பத்து மாதத்தில் ஒன்பது தவணை கட்ட வேண்டும். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் நான் அந்த வழியையே சொல்வேன்.

வட்டி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேர்க்கும் கடன்களின் வட்டிக்கு, கடன் தொகைக்கேற்ப எடையிட்ட சராசரியை எடுத்து, எட்டில் ஒரு சதவீதத்தின் அடுத்த மடங்குக்கு ஏற்றுவார்கள். உங்கள் கடன்கள் 5.05%, 4.53% என்றால் சராசரி 4.79%, நீங்கள் கட்டுவது 4.875%. கட்டாமல் நிற்கும் வட்டியும் அசலில் ஏறும். டிஃபால்ட் கடனின் வசூல் செலவும் ஏறலாம்.

பெர்கின்ஸை இப்போதைக்கு வெளியே வையுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும், அதற்கெனப் பட்டியலிடப்பட்ட பள்ளியில் முழுநேரம் கற்பித்தால் அந்தக் கடன் ஐந்து ஆண்டில் முழுதும் ரத்தாகக்கூடும். ஒன்றாக்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். உங்கள் பள்ளி பட்டியலில் இல்லையென்று தெரிந்தால், புதிய கடன் உருவான 180 நாளுக்குள் பெர்கின்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கடன் தீர்ந்தது என்ற கடிதம் வரும்வரை அதன் தவணையை நிறுத்தாதீர்கள்.